சூழ்காட்சிக் கூடம் கிடைத்துவிட்டது. அதில் எந்தப் பாடத்தை நடத்துவது?

கேள்வி: கோம்பாக் விரிவுரையாளர், கோலாலம்பூர்

வணக்கம். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் நீண்ட காலமாகக் கற்பித்து வருகிறேன். சென்ற பருவத்தில் எங்கள் கல்லூரி ஒரு சூழ்காட்சிக் கூடத்தைக் கட்டி முடித்தது. மூன்று சுவர்களிலும் தரையிலும் முப்பரிமாணப் படம் விழும் அறை ஒன்று இருக்கிறது. அதை ஒட்டிய சிறிய அறையில் கண்களை மூடித் தலையில் மாட்டிக்கொண்டு முப்பரிமாணக் காட்சி பார்க்கும் எட்டு ஹெட்செட்டுகளும் அவற்றை இயக்கும் கணினிகளும் இருக்கின்றன. மாணவர்கள் அதைக் 'குகை' என்கிறார்கள். 1992இல் சிகாகோவிலுள்ள இலினோய் பல்கலைக்கழகத்தில் குரூஸ்-நைரா, சாண்டின், டிஃபாண்டி ஆகிய மூவரும் இவ்வகை அறையை முதலில் உருவாக்கியபோது வைத்த பெயரே 'கேவ்' என்பதால், அவர்கள் வாயில் வந்த பெயர் பொருத்தமானதுதான். 'குகைக்குப் போகிறேன்' என்று மகள் சொன்னதைக் கேட்ட ஒரு தாயார், 'தைப்பூசம்தான் முடிந்துவிட்டதே, பத்துமலையில் இப்போது என்ன வேலை?' என்று கேட்டாராம்.

திறப்பு விழாவன்று பவளப்பாறைகளுக்கு நடுவே நீந்துவது போன்ற காட்சியைப் பார்த்து எல்லோரும் வியந்தார்கள். அதற்குப் பிறகு கட்டடக் கலைத் துறையையும் கணினி விளையாட்டு வடிவமைப்புத் துறையையும் தவிர வேறு யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. இப்போது நிர்வாகம் எல்லாத் துறைகளையும் சேர்த்து ஒரு குழு அமைத்து, என்னை அதன் செயலாளராக்கியிருக்கிறது. தாதியர் பயிற்சி, உயிரியல், வரலாறு, புவியியல், வணிகம் என்று ஒவ்வொரு துறையிடமும் கேட்டேன். நீளமான விருப்பப் பட்டியல்கள் வந்தன. பெரும்பாலானவற்றில் 'மாணவர்களின் ஆர்வத்தைத் தூண்டும்' என்ற ஒரே காரணம்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆர்வம் முதல் பத்து நிமிடங்களுக்கு எந்தப் புதிய பொருளாலும் வரும் என்பதால், அதை ஒரு காரணமாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

வாரத்திற்கு எத்தனை மணி நேரம் கூடம் நிரம்பியிருந்தது என்று நிர்வாகம் கணக்குக் கேட்கிறது. அந்த எண்ணை உயர்த்துவது எளிது. ஆனால் இந்த அறை இல்லாவிட்டால் சரியாகக் கற்பிக்க முடியாத பாடம் எது, நாற்பது பேர் கொண்ட வகுப்பை எட்டு ஹெட்செட்டுகளைக் கொண்டு எப்படி நடத்துவது, நடத்திய பிறகு மாணவர் எதையாவது கற்றாரா என்பதை எப்படி அறிவது ஆகிய மூன்றுக்கும் என்னிடம் விடையில்லை. இப்படி ஒரு கூடத்தைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பாயான் லெப்பாஸ்காரன், பினாங்கு

வணக்கம் அம்மா. நான் விரிவுரையாளன் அல்லன். பினாங்கில் இதே போன்ற ஒரு கூடத்தைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளன். பாடத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். அறையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சுவரில் படம் விழும் அறையைப் பற்றி விற்பவர்கள் தெளிவாகச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. அந்தப் படம் ஒரே ஒருவருடைய கண்களுக்காகத்தான் கணக்கிடப்படுகிறது. யார் அணிந்திருக்கும் முப்பரிமாணக் கண்ணாடியில் நிலையறியும் குறிகள் பொருத்தப்பட்டிருக்கின்றனவோ அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால்தான் எல்லாம் சரியாகத் தெரியும். அவருக்கு ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்குச் சுவர்கள் சேரும் மூலையில் நேர்கோடுகள் ஒடிந்து தெரியும். பெரும்பாலான விரிவுரையாளர்கள் அந்தக் கண்ணாடியைத் தாங்களே அணிந்துகொண்டு விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். பின்னால் நிற்கும் இருபது பேரும் கோணலான படத்தையே பார்த்துவிட்டு வெளியே போகிறார்கள். எங்கள் அறையில் கண்ணாடி மாணவர் கையில்தான் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் யார் பேசுகிறாரோ அவரே அதை அணிவார். ஒரு முறைக்கு ஆறு அல்லது எட்டுப் பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை.

ஹெட்செட்டில் அந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் காட்சி. ஆனால் நாற்பது பேரை எட்டு எட்டாகப் பிரித்தால் ஐந்து சுற்று வரும். சுற்றுக்குப் பத்து நிமிடம், கழற்றித் துடைத்து அடுத்தவருக்கு மாட்ட மூன்று நிமிடம் என்று வைத்தாலே ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஒரு மணி நேர விரிவுரைக்குள் இதை அடக்க முயன்ற எல்லோரும் கடைசிச் சுற்று மாணவர்களை ஏமாற்றித்தான் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரப் பயிற்சி வகுப்பாக வைத்து, எட்டுப் பேர் ஹெட்செட்டிலும் எட்டுப் பேர் சுவர் அறையிலும் இருக்கும்போது, மற்றவர்கள் வெளியே அதே மாதிரியைச் சாதாரணக் கணினித் திரையிலும் தாளிலும் வைத்து வேலை செய்யும்படி அமைத்தால் நேரம் சரியாக இருக்கும்.

தலைசுற்றலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நகர்கிறோம் என்று கண் சொல்லும். நிற்கிறோம் என்று உட்செவி சொல்லும். இந்த இரண்டும் முரண்படும்போதுதான் குமட்டல் வருகிறது. ஆகவே மாணவரைக் காட்சிக்குள் சறுக்கிக்கொண்டு போக விடாதீர்கள். ஓரிடத்தைச் சுட்டியதும் அங்கே போய் நிற்கும்படி அமைத்துவிடுங்கள். நொடிக்கு 90 படங்கள் என்பது ஹெட்செட்டுகளில் பரவலாக உள்ள அளவு. அதாவது ஒவ்வொரு படத்தையும் வரையக் கணினிக்கு 11 மில்லிநொடி மட்டுமே இருக்கிறது, அதற்குள் இரண்டு கண்களுக்கும் வரைய வேண்டும். யாராவது ஒளிப்பட அளவையால், அதாவது பல கோணங்களில் எடுத்த புகைப்படங்களைக் கணினியில் இணைத்து, உருவாக்கிய பல கோடி முக்கோணங்கள் கொண்ட மாதிரியைப் பென்டிரைவில் கொண்டுவந்து அப்படியே போட்டால் அந்த வேகம் பாதியாகக் குறைந்துவிடும். ஐந்தாம் நிமிடத்தில் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொள்வார். மாதிரியை முன்பே எளிமைப்படுத்தித் தரச் சொல்லுங்கள். கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை ஒவ்வொருவருக்கும் திருத்தி வைக்க வேண்டும். பெரியவர்களின் சராசரி 63 மில்லிமீட்டர் அளவில் இருந்தாலும் ஆளுக்கு ஆள் அது நன்றாகவே மாறும். இரு கண்களையும் சேர்த்து ஆழம் உணர இயலாதவர்களும் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கக்கூடும். அவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. அவர்களுக்குத் திரையில் செய்யக்கூடிய அதே பயிற்சி, அதே மதிப்பெண்ணுடன் தயாராக இருக்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய சில விஷயங்களும் உண்டு. நோன்பு மாதத்தில் பிற்பகல் வகுப்பு வேண்டாம் என்று நாங்கள் அனுபவத்தில் முடிவு செய்திருக்கிறோம். தூடோங் என்னும் தலைமுக்காடு அணிந்த மாணவிகளுக்கு ஹெட்செட் பட்டையை மாட்டிவிட ஒரு பெண் உதவியாளர் அறையில் இருக்க வேண்டும். வார இறுதியில் சிக்கனம் கருதிக் குளிர்சாதனத்தை முழுதும் அணைத்துவிட்டால், நம் ஈரக்காற்றில் வில்லைகளில் பூஞ்சை பிடித்துவிடும். இரண்டு படவீழ்த்திகளை அப்படித்தான் இழந்தோம்.

கடைசியாக ஒரு மனக்குறை. பெயர் சொல்ல வேண்டாத ஒரு விற்பனையாளரிடம் மூன்றாண்டுச் சந்தாவில் பாடங்கள் வாங்கியிருந்தோம். சந்தா முடிந்த மறுநாள் காலையில் எல்லாப் பாடங்களும் பூட்டப்பட்டிருந்தன. அன்று பத்து மணிக்கு வகுப்பு இருந்தது. அதற்குப் பிறகு, எங்கள் கையில் கோப்பாக இல்லாத எதையும் பாடத்திட்டத்தில் சேர்ப்பதில்லை.

பதில்: செராஸ் உயிர்வேதியியல், கோலாலம்பூர்

கோம்பாக் அம்மாவின் முதல் கேள்விக்கு என்னுடைய ஒரே ஒரு பாடத்தைக் கொண்டு விடை சொல்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரம்; அதற்கு மேல் நான் அந்தக் கூடத்தைப் பயன்படுத்துவதில்லை.

இரத்தத்தில் உயிர்வாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிய பாடம் அது. இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா என்று நான்கு சங்கிலிகள். மொத்தம் 574 அமினோ அமிலங்கள். பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளூட்டமிக் அமிலத்திற்குப் பதிலாக வாலின் வந்தால் அரிவாள் செல் நோய் வருகிறது என்பதை எல்லா மாணவர்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 574இல் இரண்டே இரண்டு மாறியதற்கு, அதாவது பீட்டா சங்கிலிக்கு ஒன்று மாறியதற்கு, இவ்வளவு பெரிய விளைவு ஏன் என்று கேட்டால் பேசாமல் இருப்பார்கள். காரணம் இடத்தில் இருக்கிறது. அந்த ஆறாம் இடம் மூலக்கூற்றின் வெளிப்புறத்தில் துருத்திக்கொண்டு நிற்கிறது. அங்கே வரும் வாலின் நீரை விரும்பாதது. பக்கத்து ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 85ஆம் இடத்து ஃபினைல்அலனினும் 88ஆம் இடத்து லூசினும் சேர்ந்து அமைக்கும் ஒரு பள்ளத்தில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. அப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இழையாக நீளும்போதுதான் சிவப்பணு அரிவாள் வடிவம் பெறுகிறது. உயிர்வாயு ஏறிய நிலையில் மூலக்கூற்றின் வடிவம் மாறி அந்தப் பள்ளம் மூடிக்கொள்வதால் கோத்துக்கொள்ளுதல் நிகழ்வதில்லை.

புத்தகத்தில் இதற்கு ஒரு தட்டைப் படம் உண்டு. அதில் எது முன்னால், எது பின்னால், எது வெளியே, எது உள்ளே என்று புரிந்துகொள்வது கடினம். கூடத்தில், புரத வடிவங்களின் பொதுக் களஞ்சியத்திலிருந்து இயல்பான ஹீமோகுளோபினுக்கு 4எச்எச்பி, அரிவாள் செல் ஹீமோகுளோபினுக்கு 2எச்பிஎஸ் என்ற இரண்டு கோப்புகளை இலவசமாக இறக்கி, மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் கைமெராஎக்ஸ் மென்பொருளில் திறந்துவிடுகிறேன். மாணவர் அந்தப் பள்ளத்தைத் தாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நான் சுட்டிக்காட்ட மாட்டேன். மூலக்கூற்றைச் சுற்றி நடந்து, குனிந்து, கீழிருந்து பார்த்து, 'இதோ' என்று ஒருவர் சொல்லும்வரை காத்திருப்பேன். நம் நாட்டுக்கு மிக வேண்டிய ஹீமோகுளோபின் ஈ என்ற வகையையும் அதே வகுப்பில் கேட்பேன். அது பீட்டா சங்கிலியின் 26ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலத்திற்குப் பதில் லைசின் வந்தது. அதனால் இழை உண்டாவதில்லை. அதன் தீங்கு வேறு வழியில், அந்தச் சங்கிலியின் உற்பத்தி குறைவதால், வருகிறது. வடிவத்தைப் பார்த்து விளக்க முடிந்த நோய் ஒன்று, வடிவத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விளங்காத நோய் ஒன்று என்று இரண்டையும் அருகருகே வைப்பது எனக்கு முக்கியம். இல்லாவிட்டால் கண்ணால் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும் என்ற எண்ணத்தோடு மாணவர் வெளியே போவார்.

அளவைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. சுமார் 6 நானோமீட்டர் அகலமுள்ள மூலக்கூற்றை மூன்று மீட்டர் அறை முழுக்க விரித்தால் அது 50 கோடி மடங்கு பெரிதாக்கப்பட்டிருக்கிறது. அதே அளவில் ஒரு சிவப்பணுவைப் பெரிதாக்கினால் குறுக்கே நான்கு கிலோமீட்டர் இருக்கும். பாயான் லெப்பாஸ்காரர் ஜார்ஜ்டவுன் படகுத்துறையிலிருந்து பட்டர்வொர்த்துக்குக் கடக்கும் கடலைவிட அது அகலம். இதைச் சொல்லாவிட்டால் மாணவர் மனத்தில் ஹீமோகுளோபின் ஒரு மோட்டார் வண்டி அளவில் தங்கிவிடுகிறது. சொன்ன பிறகும் சிலருக்குத் தங்கிவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பதில்: எண்ணும் எழுத்தும், பினாங்கு

புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன்.

வணிகத் துறையும் பொருளியல் துறையும் இந்தக் கூடத்தைத் தவிர்ப்பது நல்லது. 1984இல் கிளீவ்லண்டும் மெக்கில்லும் செய்த ஆய்வு எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது: பொதுவான ஓர் அளவுகோலின் மேல் வைத்த புள்ளிகளை ஒப்பிடும்போது மனிதர்கள் மிகக் குறைவாகத் தவறுகிறார்கள், பரப்பளவையும் கன அளவையும் ஒப்பிடும்போது கூடுதலாகத் தவறுகிறார்கள். விற்பனை எண்களை முப்பரிமாணத் தூண்களாக நிறுத்தி அவற்றுக்கு நடுவே நடந்தால், முன்னால் நிற்கும் தூண் பின்னால் நிற்பதை மறைக்கும். அருகிலிருப்பது பெரிதாகத் தெரியும். தாளில் ஒரு கோட்டு வரைபடம் இரண்டு நொடியில் சொல்வதைப் பத்து நிமிடம் நடந்தும் அறிய முடியாது. எண்களுக்கு இயல்பாக இடம் என்பது கிடையாது, நாம்தான் கொடுக்கிறோம்.

அம்மாவின் மூன்றாம் கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. 2019இல் மக்ரான்ஸ்கி, டெர்கில்ட்சன், மேயர் ஆகியோர் 52 பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஓர் அறிவியல் ஆய்வகப் பாவனைப் பாடத்தை மேசைக் கணினியிலும் ஹெட்செட்டிலும் ஒப்பிட்டார்கள். ஹெட்செட் அணிந்தபோது 'அங்கேயே இருந்தது போல' உணர்ந்தார்கள். ஆனால் குறைவாகவே கற்றார்கள். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்ததில் சுமை கூடியிருந்ததும் தெரிந்தது. வகுப்பு முடிந்ததும் 'பிடித்திருந்ததா?' என்று கேட்கும் படிவத்தைக் கொண்டு கற்றலை அளப்பவர்கள் இந்த முடிவை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதில்: செராஸ் உயிர்வேதியியல், கோலாலம்பூர்

வணிகத் தூண்களைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன், ஐயா. அந்த 2019 ஆய்வையும் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்திய ஆண்டில் பரோங்கும் மேயரும் செய்த ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கும் ஸ்லைடுகளைப் பார்த்துப் படித்தவர்களே ஹெட்செட் அணிந்தவர்களைவிட நன்றாக எழுதினார்கள். ஆனால் ஹெட்செட் பாடத்தைப் பகுதி பகுதியாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் சுருக்கி எழுதச் சொன்னபோது கற்றல் கூடியது. ஆகவே நான் பத்து நிமிடத்திற்கு ஒரு முறை ஹெட்செட்டைக் கழற்றச் சொல்லி, பார்த்ததைப் பென்சிலால் வரையச் சொல்கிறேன். ஒரு வாரம் கழித்து, அறிவிக்காமல், தாளில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தத் தாளைத்தான் நான் நம்புகிறேன்.

பதில்: காழகத்தான், சுங்கை பட்டாணி

எனக்கு வேலை பினாங்கில், வீடு கெடாவில். வரலாறும் பழந்தமிழ் இலக்கியமும் கற்பிப்பவன் என்பதால், 'எண்களுக்கு இயல்பாக இடம் கிடையாது' என்ற வரி என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் துறையில் இடம் இருக்கிறது. பாதி இடிந்து கிடக்கிறது.

மெர்போக் அருகே பூஜாங் பள்ளத்தாக்கில் உள்ள சண்டி புக்கிட் பத்து பகாட் என்ற பழங்கோயிலை (சண்டி என்பது இங்கே பழங்கோயிலைக் குறிக்கும் சொல்) நம்மில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்போம். 1930களில் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்த இந்தக் கோயிலை, 1960இல் மற்றோர் ஆய்வாளரான அலஸ்டர் லேம்ப் கற்களை ஒழுங்குபடுத்தி மீண்டும் நிறுத்தினார். கருவறைப் பகுதியும் அதன் முன்னே மண்டபமும் இருந்தன என்பது அடித்தளத்திலிருந்து தெரிகிறது. தூண்களைத் தாங்கிய கல் அடிகள் இருக்கின்றன, தூண்கள் இல்லை. மேலே இருந்தவை மரத்தாலானவை, அழிந்துபோயின என்று கொள்கிறார்கள். கூரை எப்படி இருந்தது என்பதற்குச் சான்று இல்லை.

இப்போது இதைச் சூழ்காட்சிக் கூடத்தில் மீட்டுக் கட்டச் சொன்னால் என்ன நடக்கும்? முதல் ஆண்டில் நான் செய்த தவற்றையே சொல்கிறேன். மாணவர்கள் கைப்பேசியால் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்து, ஒளிப்பட அளவை மூலம் அடித்தளத்தின் மாதிரியை அழகாக உருவாக்கினார்கள். அதன்மேல் தஞ்சைப் பெரிய கோயிலை நினைவூட்டும் ஒரு விமானத்தை ஏற்றிவிட்டார்கள். இருட்டறையில், விளக்கொளியோடு அதைப் பார்த்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது. பார்க்க வந்த வேறு துறை மாணவர் ஒருவர், 'கடாரத்தில் இவ்வளவு பெரிய கோபுரம் இருந்ததா, ஏன் இடித்தார்கள்?' என்று கேட்டார். இல்லாத கோபுரத்தை இடித்தவரை நான் எங்கே தேடுவேன்?

மரபுச் சின்னங்களைக் கணினியில் காட்சிப்படுத்துவதற்கு 2006இல் வகுக்கப்பட்டு 2009இல் திருத்தப்பட்ட 'லண்டன் சாசனம்' என்ற நெறிமுறை ஒன்று உண்டு. எது சான்று, எது ஊகம், எந்தக் காரணத்தால் ஊகித்தோம் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டிலிருந்து அதையே பாடமாக்கிவிட்டேன். இன்று எங்கள் மாதிரியில் கல் கல்லின் நிறத்தில் இருக்கும். கல் அடிகளின் இடைவெளியிலிருந்து பெற்ற தூண்கள் வெளிர் மஞ்சளில் இருக்கும். கூரை மட்டும் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும், அதுவும் ஒன்றல்ல, மூன்று வடிவங்கள். கூடத்தில் நிற்கும் மாணவர் கையிலுள்ள பொத்தானை அழுத்தி மூன்றையும் மாற்றிப் பார்த்து, எது அந்தத் தூண் இடைவெளியில் நிற்கும், எது நம் மழையைத் தாங்கும் என்று வாதிட வேண்டும். மண்டபத்தின் அகலம் நாற்பது பேர் நிற்கப் போதுமா என்பதைத் தாளில் கணக்கிடலாம். எட்டுப் பேர் அந்த அகலத்தில் தோளோடு தோள் நின்று பார்த்தபோதுதான், பெருந்திரள் கூடும் விழாவுக்கான கோயில் அல்ல இது என்று ஒரு மாணவி தானாகச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்திற்காகவே அந்தப் பருவம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

இலக்கிய வகுப்பையும் இதோடு இணைக்கலாம். பட்டினப்பாலை சொல்லும் 'காழகத்து ஆக்கம்' என்பதற்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கடாரம், அதாவது இன்றைய கெடா, என்று உரை எழுதினார்; 1025இல் இராசேந்திரன் கடாரத்தின்மேல் படையெடுத்ததை மெய்க்கீர்த்தி பேசுகிறது. இவற்றைப் படித்துவிட்டு மாணவர் மாதிரிக்குள் நுழையும்போது, நூல் சொல்லும் செல்வத்திற்கும் கல் காட்டும் எளிமைக்கும் இடையிலுள்ள தூரம் தெரிகிறது. அந்தத் தூரத்தைப் பற்றித்தான் கட்டுரை எழுதச் சொல்கிறேன்.

படம் எடுத்து வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டுவிட்டது என்று 2013 இறுதியில் தெரியவந்தது. இனி எந்த மாணவரும் போய் அதை அளக்க முடியாது.

பதில்: தஞ்சோங் பூங்கா, பினாங்கு

புவியியல் துறைக்காக ஒரு குறிப்பு. பினாங்கில் 76 மீட்டருக்கு, அதாவது 250 அடிக்கு, மேலுள்ள நிலத்தையும் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவையும் மலைநிலமாகக் கருதிக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். 2017 நவம்பர் 4, 5ஆம் நாள்களில் பெய்த பெருமழைக்குப் பிறகு இந்த எண்களை மாணவர்கள் செய்தியில் அடிக்கடி கேட்டிருக்கிறார்கள். 25 பாகை என்பது நிற்கும்போது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. அதைக் காட்டத்தான் கூடத்திற்குப் போகிறேன்.

இதில் மறைந்திருக்கும் பொறி ஒன்றைச் சொல்ல வேண்டும். நிலப்பரப்பைக் காட்டும் மென்பொருள்கள் பலவற்றில் மலை எடுப்பாகத் தெரிவதற்காக உயரத்தை இரண்டு மடங்காக்கும் வசதி உண்டு. தாளில் அது தீங்கில்லை. கூடத்தில் 25 பாகைச் சரிவு 43 பாகையாகத் தெரியும். மாணவர் உடம்பே பயந்துவிடும். உயரப் பெருக்கத்தை ஒன்றில் வைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். இரண்டாவது, 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுத்த, எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவு 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் தருகிறது. சாலைக்காக வெட்டிய பத்து மீட்டர் செங்குத்து அதில் மென்மையான மேடாகக் கரைந்துவிடும். ஆபத்து உள்ள இடமே காட்சியில் பாதுகாப்பாகத் தெரியும். ஆகவே முதல் வாரம் கூடம், அடுத்த சனிக்கிழமை உண்மையான மலைப்பாதை என்று வைத்திருக்கிறேன். கூடத்தில் தெரியாமல் போன சரிவுகளைக் குறித்துக்கொண்டு வருவதுதான் ஒப்படைப்பு. போகக்கூடிய மலை பக்கத்தில் இருக்கும்போது கூடத்தோடு நிறுத்திக்கொள்வது சோம்பல்.

பதில்: மூன்றாம் ஆண்டு மாணவி, கோலாலம்பூர்

பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் தாதியர் பயிற்சி மாணவி. இதுவரை நான்கு முறை இப்படிப்பட்ட கூடத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டிருக்கிறேன். மூன்று முறை இதயத்துக்குள் மிதந்தோம். என்ன பார்க்க வேண்டும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. சிவப்பாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. நான்காவது முறை எங்கள் விரிவுரையாளர், இடது மேலறையிலிருந்து மகாதமனி வரை இரத்தம் போகும் வழியை முதல் நாளே தாளில் வரைந்துகொண்டு வரச் சொன்னார். உள்ளே போய் எங்கள் படத்தில் எது தவறு என்று நாங்களே திருத்தினோம். என் படத்தில் ஈரிதழ் வால்வு எதிர்ப்புறமாகத் திறந்தது. அது இப்போதும் மறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயாளியிடம் பேசிப் பழகுவதற்கும் ஹெட்செட் பாடம் வைக்கிறார்கள். அதில் வரும் நோயாளி ஆங்கிலத்தில் பேசுகிறார். எங்கள் பயிற்சி மருத்துவமனையில் பாதிப் பாட்டிமார்கள் தமிழிலும் மலாயிலும் ஹொக்கியன் சீனத்திலும் கலந்து, வலியைக் கையால் காட்டித்தான் பேசுகிறார்கள். அதற்கு எங்கள் வகுப்பிலேயே ஒருவர் பாட்டியாக நடித்தால் போதும்.

கேள்வி கேட்டவர்: கோம்பாக் விரிவுரையாளர், கோலாலம்பூர்

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் குழுக் கூட்டத்தில் உங்கள் பதில்களை அச்சிட்டுக் கொடுத்தேன். விருப்பப் பட்டியல்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, துறைகளிடம் இப்போது ஒரே ஒரு வினாவைக் கேட்டிருக்கிறோம்: உங்கள் பாடத்தில் எந்த மணி நேரத்தில், உருவத்தின் உள்-வெளியோ அளவோ சரிவோ தாளில் தெரியாததால் மாணவர் தடுமாறுகிறார்? விடை இருக்கும் துறைக்குப் பருவத்திற்கு ஒரு பயிற்சி வகுப்பு, இரண்டு மணி நேரம். முன்வேலையும், வரைதலும், ஒரு வாரம் கழித்து ஒரு கேள்வியும் இல்லாத விண்ணப்பத்தை ஏற்பதில்லை என்றும் முடிவானது. வணிகத் துறைத் தலைவர் 'எண்ணும் எழுத்தும்' ஐயாவின் பதிலைப் படித்துவிட்டுத் தாமாகவே விலகிக்கொண்டார். சற்று நிம்மதியோடு விலகியதாகவே எனக்குப் பட்டது.

நிர்வாகத்தின் மணிக்கணக்கு மட்டும் தீரவில்லை. இந்த ஏற்பாட்டின்படி கூடம் வாரத்தில் பதினொரு மணி நேரத்திற்கு மேல் நிரம்பாது. மீதி நேரத்தில் மாணவர்கள் தாங்களாகவே பதிவு செய்துகொண்டு பழைய மாதிரிகளைத் திறந்து பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறேன். அதற்கு அறையில் ஒருவர் இருக்க வேண்டும். அந்தப் பதவிக்கு இன்னும் அனுமதி வரவில்லை. பாயான் லெப்பாஸ்காரருக்கு ஒரு கேள்வி: உங்கள் கூடத்தில் மாணவ உதவியாளர்களை வைத்து மாலை நேரத்தை நடத்துகிறீர்களா? நடத்தினால், அவர்களுக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுத்த பிறகு தனியே விடுகிறீர்கள்?

பதில்: பாயான் லெப்பாஸ்காரன், பினாங்கு

நடத்துகிறோம், அம்மா. இரண்டு வாரம் என் கூடவே நிற்பார்கள். அதற்குள் ஒருவருக்காவது தலைசுற்றல் வந்து, அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக் கவனித்த அனுபவம் கிடைத்திருந்தால் தனியே விடுவேன். குளிர்சாதனச் சாவியை மட்டும் யாரிடமும் கொடுப்பதில்லை.